பட்டறை வாசலுக்கு வரும் விருதுகள் வேண்டும்

உள்ளூர்த் தொழில் நிறுவனங்களின் புத்தாக்கத்துக்கு விருது வழங்கும் வழக்கம் தமிழகத்தின் தொழில் நகரங்களில் வேரூன்றிவிட்டது. தொழில் அமைப்புகள், வணிக இதழ்கள், வங்கிகள், பொறியியல் கல்லூரிகள், அரசுத் துறைகள் என ஆளுக்கொரு பட்டியல் வெளியிடுகிறார்கள். விழா நடக்கிறது, கேடயம் கைமாறுகிறது, மறுநாள் நாளிதழில் படம் வருகிறது. அந்தக் கேடயம் எந்த அளவுகோலில் தரப்பட்டது, நேரில் போய்ப் பார்த்தவர் யார், தேர்வாகாதவர்களுக்கு என்ன சொல்லி அனுப்பினார்கள், மூன்று ஆண்டு கழித்து அந்தப் புத்தாக்கம் என்ன ஆனது என்று கேட்டால் பெரும்பாலும் பதில் கிடைப்பதில்லை. இப்படிப்பட்ட விருதுகளே வேண்டாம் என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால், அது தவறான முடிவாகும். ஒழுங்காக நடத்தப்படும் விருது ஒரு வட்டாரத்தின் தொழிலையே உயர்த்தியதற்கு வெளிநாட்டிலும் நம் ஊரிலும் சான்றுகள் இருக்கின்றன. அந்தச் சான்றுகள் எல்லாம் ஒன்றையே சொல்கின்றன: மேடைக்கு முன்னால் நடக்கும் ஆய்வும் மேடைக்குப் பின்னால் தொடரும் பொறுப்புமே விருதுக்கு மதிப்பைத் தருகின்றன. கோவை, திருப்பூர், ஈரோடு, சேலம் அடங்கிய கொங்கு வட்டாரத்தை முன்வைத்து இதைச் சிந்திப்பது பொருத்தமாக இருக்கும்.

இந்த வட்டாரத்தின் வரலாறே சிறு பட்டறைகளின் கண்டுபிடிப்பு வரலாறுதான். ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் 1937-இல் கோவையில் மின்மோட்டார் தயாரித்தார்கள். இந்தியாவில் உருவான முதல் மோட்டாராக அது கருதப்படுகிறது. அதைத் தொடர்ந்து பம்ப்செட் தொழில் வளர்ந்தது. 1955-இல் பி. சபாபதி ஆட்டுக்கல்லை மோட்டாரில் ஓடவிட்டு வெட் கிரைண்டரை உருவாக்கினார். பிறகு சாய்த்து மாவை வழிக்கும் டில்ட்டிங் கிரைண்டர் வந்தது, சமையல் மேடையில் வைக்கும் டேபிள் டாப் வந்தது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் பின்னால் கல் கொத்துபவர், வார்ப்படம் போடும் ஃபவுண்டரிக்காரர், லேத் பட்டறை ஃபோர்மேன் எனப் பலருடைய மூளை உழைத்திருக்கிறது. இன்று கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. ஊருக்குப் பெருமை கிடைத்துவிட்டது. ஆனால், அந்த இயந்திரத்தைப் படிப்படியாகத் திருத்திய கைகளில் பெரும்பாலானவற்றுக்குப் பெயர் இல்லை. ஒரு பட்டறையில் செய்த ஜிக் என்னும் பிடிகருவி அடுத்த மாதமே பக்கத்துப் பட்டறைக்குப் போய்விடும். வேலை மாறும் தொழிலாளியோடு உத்தியும் இடம் மாறும். இப்படிப் பரவியதால்தான் ஊர் வளர்ந்தது என்பது உண்மை. முதலில் யோசித்தவருக்கு எதுவுமே மிஞ்சவில்லை என்பதும் அதே அளவுக்கு உண்மை.

புத்தாக்கம் என்றதும் புதிய பொருளையோ செல்பேசிச் செயலியையோ மட்டுமே நினைக்கும் பழக்கம் நமக்கு வந்துவிட்டது. தொழில் வட்டாரங்களில் நடக்கும் புத்தாக்கத்தில் பெரும்பகுதி, பொருளைப் பார்த்தால் கண்ணுக்கே தெரியாது. நொய்யல் ஆறு மாசுபட்ட வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2011 ஜனவரியில் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. மறுபடி இயங்க வேண்டுமானால் கழிவுநீர் வெளியேறவே கூடாது என்ற நிலை. சவ்வு வடிகட்டிகள், ஆவியாக்கிகள் என்று வழக்கமான கருவிகளோடு திருப்பூர் நிற்கவில்லை. கழிவிலிருந்து மீட்ட உப்புக் கரைசலையே மீண்டும் சாயமேற்றப் பயன்படுத்தும் முறையையும் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. வாங்குபவர் கண்ணுக்குப் பனியன் அதே பனியன்தான். அதன் பின்னால் இருக்கும் மாற்றமோ ஓர் ஆற்றையும் ஒரு தொழிலையும் சேர்த்துக் காப்பாற்ற முனைவது. மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையும் ஐ.நா. தொழில் வளர்ச்சி அமைப்பும் இணைந்து நடத்திய 2021-22 தேசிய உற்பத்தித் துறைப் புத்தாக்க ஆய்வு, நாட்டில் ஏறத்தாழ நான்கில் ஒரு நிறுவனமே புத்தாக்கம் செய்ததாகக் கண்டது. தமிழகம் அந்தச் சராசரியைவிட மேலே இருந்தாலும், மூன்றில் ஒன்று என்ற அளவை எட்டவில்லை. மீதமுள்ள நிறுவனங்களுக்கு முன்னுதாரணம் தேவை. அந்த முன்னுதாரணம் பக்கத்துத் தெருவிலேயே இருந்தும் குடத்திலிட்ட விளக்காக இருப்பதுதான் நம் சிக்கல்.

விருதால் இதை மாற்ற முடியுமா? இங்கிலாந்தின் அரச வேளாண் சங்கம் 1839 முதல் ஆண்டுதோறும் ஒரு கண்காட்சி நடத்தியது. ஒவ்வோர் ஆண்டும் ஒவ்வோர் ஊர். எந்த ஆண்டில் எந்த வகைக் கருவிக்குப் பரிசு என்பதை முன்கூட்டியே அறிவிப்பார்கள். வரும் கருவிகளை ஓட்டிப் பார்த்துத்தான் தீர்ப்புச் சொல்வார்கள். 1939 வரையிலான நூறு ஆண்டுப் பதிவுகளைப் பொருளியல் வரலாற்றாளர்கள் லியாம் பிரண்ட், ஜோஷ் லெர்னர், டாம் நிக்கோலஸ் ஆராய்ந்தார்கள். பரிசு அறிவித்த துறைகளில் போட்டிக்கு வந்தவர்கள் கூடினார்கள். அத்துறைகளில் காப்புரிமைகளும் பெருகின. அதிலும் பணப் பரிசைவிடப் பதக்கமே அதிகம் உந்தியது. லண்டன் பளிங்கு மாளிகையில் 1851-இல் நடந்த உலகக் கண்காட்சியின் விருதுகளைப் பற்றி பெட்ரா மோசரும் நிக்கோலஸும் செய்த ஆய்வும் இதை ஒட்டியே இருக்கிறது: பரிசு பெற்ற தொழில்நுட்பங்களின் பக்கம் பிற கண்டுபிடிப்பாளர்களின் கவனமும் திரும்பியது. பணம் கொஞ்சமாக இருந்தாலும், தீர்ப்பு நம்பகமாக இருந்து ஊரறியச் சொல்லப்பட்டால் பலன் உண்டு என்பதே இவற்றின் பாடம்.

இதைவிட நெருக்கமான சான்று சென்னையில் இருக்கிறது. ஜப்பான் விஞ்ஞானிகள் பொறியாளர்கள் சங்கம் 1951-இல் நிறுவிய டெமிங் பரிசு, தர மேலாண்மைக்கு உலக அளவில் பெயர் பெற்றது. 1998-இல் சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு அதைப் பெற்றது. இந்திய நிறுவனம் ஒன்று அந்தப் பரிசைப் பெற்றது அதுவே முதல் முறை. பிறகு சுந்தரம் பிரேக் லைனிங்ஸ், டிவிஎஸ் மோட்டார், லூகாஸ் டிவிஎஸ், ரானே குழும நிறுவனங்கள் என வரிசையாகத் தமிழகத்து வாகனத் துறை அதைக் கைப்பற்றியது. இவர்கள் ஓடியது கோப்பைக்காக மட்டும் என்று யாரும் சொல்ல முடியாது. ஆய்வாளர்கள் தொழிற்கூடத்துக்கே வந்து, கடைநிலை ஊழியர் வரை கேள்வி கேட்பார்கள். எங்கே குறை என்று எழுத்தில் தருவார்கள். முதல் முறை தகுதி எட்டாதவரை ஒரேயடியாகத் தள்ளிவிடாமல், திருத்திக்கொண்டு மறுபடி ஆய்வுக்கு உட்பட வழிவிடுவார்கள். ஆண்டுக்கு ஒருவருக்குத்தான் என்ற வரம்பும் இல்லை. தகுதி பெற்ற எல்லோருக்கும் உண்டு. அதனால் ஒரு நிறுவனம் வென்றதைப் பார்த்து அடுத்தது தயாரானது. அமெரிக்காவில் 1987-இல் சட்டமாகவே வந்த மால்கம் பால்ட்ரிஜ் விருதிலும் விண்ணப்பித்த ஒவ்வொருவருக்கும் கருத்தறிக்கை உண்டு. தோற்றவரும் எதையோ கற்றுக்கொண்டு வீடு திரும்பும் விருதுதான் தொழிலை வளர்க்கும்.

நம் வட்டார விருதுகள் பலவும் இதற்கு நேர்மாறான வழியில் நடக்கின்றன. நிறுவனம் தன்னைப் பற்றித் தானே எழுதி அனுப்பும் படிவம்தான் தேர்வுக்கு அடிப்படை. ஆங்கிலத்தில் அழகாக எழுதத் தெரிந்தவர், விளக்கப் படங்கள் தயாரிக்க ஆள் வைத்திருப்பவர் முன்னே வருகிறார். விற்றுமுதல் அளவே புத்தாக்கத்தின் அளவாக எடுத்துக்கொள்ளப்படுகிறது. சில விருதுகளுக்கு நுழைவுக் கட்டணம், விழாவில் மேசைக்குக் கட்டணம், மலரில் விளம்பரம் என்று வென்றவரே செலவை ஏற்க வேண்டியிருக்கிறது. காசு கொடுத்து வாங்கியதோ என்ற ஐயம் ஒருமுறை வந்துவிட்டால், நேர்மையாக வென்றவருடைய கேடயமும் சேர்ந்து மதிப்பிழக்கும். ஆய்வற்ற புகழ் வென்றவருக்கே கேடாகவும் முடியலாம். வணிக இதழ்களின் பெரிய விருதுகளைப் பெற்ற அமெரிக்கத் தலைமை நிர்வாகிகளைப் பற்றி உல்ரிக் மல்மெண்டியரும் ஜெஃப்ரி டேட்டும் 2009-இல் வெளியிட்ட ஆய்வு, விருதுக்குப் பின் அவர்களுடைய நிறுவனங்களின் செயல்பாடு சரிந்ததையும், அவர்களுடைய நேரம் நூல் எழுதுவதிலும் வெளிப் பதவிகளிலும் கழிந்ததையும் காட்டியது. தனிமனிதரைத் தூக்கிவைக்கும் விருதுக்கும், செய்த வேலையை எடைபோடும் விருதுக்கும் இடையிலான வேறுபாட்டை நாம் மறக்கக் கூடாது.

ஆகவே, மாற்றம் முதல் படியிலேயே தொடங்க வேண்டும். விண்ணப்பம் வரட்டும் என்று காத்திருக்காமல் விருதுக் குழுவே தேடிப் போக வேண்டும். மலிவு விலை நாப்கின் இயந்திரத்தை உருவாக்கிய கோவையின் அருணாசலம் முருகானந்தம் இதற்கு நல்ல சான்று. 2006-இல் அவர் சென்னை ஐஐடிக்குத் தன் யோசனையைக் கொண்டுபோனபோது, அவர்கள்தான் அதை தேசியப் புத்தாக்க அறக்கட்டளையின் விருதுக்குப் பதிவு செய்தார்கள். விருது கிடைத்தது, நாடு திரும்பிப் பார்த்தது, 2016-இல் பத்மஸ்ரீயும் வந்தது. அவர் படிவம் நிரப்பித் தன்னைத் தானே முன்மொழிவார் என்று காத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்க வேண்டும். 2000-இல் தொடங்கிய அந்த அறக்கட்டளையின் அணுகுமுறையே தேடிச் செல்வதுதான். கொங்கு வட்டாரத்தில் தேடுவது இன்னும் எளிது. கொடிசியா போன்ற தொழில் அமைப்புகளிடம் உறுப்பினர் பட்டியல் இருக்கிறது. எந்தப் பட்டறையில் என்ன புதிதாக நடக்கிறது என்பது கச்சாப்பொருள் விற்பவருக்கும் கருவி பழுதுபார்ப்பவருக்கும் தெரியும். வாடிக்கையாளரோ, உடன் தொழில் செய்பவரோ, அங்கே வேலை செய்யும் தொழிலாளியோ ஒரு பக்கத்தில் தமிழில் எழுதிக் கொடுத்தால் அதையே பரிந்துரையாக ஏற்கலாம்.

அடுத்தது அளந்து பார்ப்பது. புத்தாக்கம் என்று சொல்லப்படுவதால் ஒரு கிலோ வார்ப்படத்துக்கு எவ்வளவு மின்சாரம் குறைந்தது, ஒரு கிலோ துணிக்கு எவ்வளவு தண்ணீர் மிச்சமானது, நிராகரிப்பு எத்தனை விழுக்காடு இறங்கியது, தொழிலாளியின் கைக்கு ஆபத்து குறைந்ததா என்பவற்றை நேரில் சரிபார்க்க முடியும். அதற்கான நிறுவனங்கள் இங்கேயே உள்ளன. பம்பு, மோட்டார் சோதனைக்கு சிடார்க் இருக்கிறது. நெசவு, நூற்புக்கு சிட்ரா இருக்கிறது. பிஎஸ்ஜி, சிஐடி, அரசு தொழில்நுட்பக் கல்லூரி என்று ஆய்வகங்களும் பேராசிரியர்களும் இருக்கிறார்கள். ஓய்வுபெற்ற பொறியாளர்கள், அனுபவமுள்ள ஃபோர்மேன்கள் அடங்கிய குழு ஒன்று இறுதிச் சுற்றுக்கு வந்த ஒவ்வொரு பட்டறையிலும் அரை நாள் செலவிட்டால் போதும். எல்லோருக்கும், தேர்வாகாதவர்களுக்கும் சேர்த்து, இரண்டு பக்க அறிக்கை தர வேண்டும். வென்ற புத்தாக்கம் என்ன செய்தது என்பதைத் தமிழில் விளக்கி ஆண்டுதோறும் ஒரு தொகுப்பு வெளியிட வேண்டும். பத்து ஆண்டுகளில் அது இந்த வட்டாரத்துத் தொழில் அறிவின் ஆவணமாக நிற்கும்.

தொழில் ரகசியம் வெளியே போய்விடுமே என்ற அச்சம் நியாயமானது; சட்டமும் இதில் கண்டிப்பானது. காப்புரிமைக்கு விண்ணப்பிப்பதற்கு முன் ஒரு கண்டுபிடிப்பைப் பொதுவெளியில் வைத்துவிட்டால் அதன் புதுமையே கேள்விக்குள்ளாகும். மத்திய அரசு அறிவிக்கை செய்த கண்காட்சி போன்ற சில சூழல்களுக்கு மட்டுமே, 12 மாதத்துக்குள் விண்ணப்பித்தால், விலக்கு உண்டு. விருது ஆசையில் விழா மலரில் வரைபடத்தோடு விளக்கம் கொடுத்துவிட்டு, பிறகு உரிமை கோர முடியாமல் நிற்பவர் ஏமாளியாகிவிடுவார். ஆகவே, ஆய்வுக் குழுவினர் ஒவ்வொருவரும் ரகசியக் காப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும். இறுதிச் சுற்றுக்கு வருபவர்களுக்கு, அறிவிப்புக்கு முன்பே, தற்காலிக விவரக்குறிப்பைத் தாக்கல் செய்ய உதவ வேண்டும். அதைத் தாக்கல் செய்தால் முழு விவரம் தர 12 மாதம் அவகாசம் இருக்கிறது. சிறு நிறுவனங்களுக்குக் கட்டணச் சலுகையும் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் காப்புரிமை பெற முடியாது, பெறவும் தேவையில்லை. பக்கத்துப் பட்டறைகளுக்குப் பரவ வேண்டிய சிறு உத்திகளுக்கு, பரவுவதைத் தடுக்காமல் முதலில் செய்தவரின் பெயரை நிலைநிறுத்தும் வழி விருதுதான். கொங்கு நாட்டின் பகிரும் மரபுக்கும் கண்டுபிடித்தவரின் மரியாதைக்கும் இடையே பாலம் போட இதைவிட ஏற்ற கருவி இல்லை.

விருதோடு ஆர்டரும் வர வேண்டும். சிறு நிறுவனம் புதிய பொருளோடு போனால் வாங்குபவர் கேட்கும் முதல் கேள்வி, இதற்கு முன் யாருக்கு விற்றிருக்கிறீர்கள் என்பது. முதல் வாடிக்கையாளர் கிடைக்காமலேயே நல்ல பொருள்கள் முடங்குகின்றன. மத்திய அரசுத் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் குறு, சிறு நிறுவனங்களிடம் வாங்க வேண்டிய பங்கு 2012-இல் 20 விழுக்காடாக இருந்து 2018-இல் 25 விழுக்காடாக உயர்த்தப்பட்டது. அந்தப் பங்குக்குள் புதுமையான பொருளுக்கென்று வழி திறக்க, நம்பகமான ஆய்வுச் சான்று தேவை. மாநகராட்சிகளின் குடிநீர்த் திட்டங்கள், அரசு மருத்துவமனைகள், சத்துணவுக் கூடங்கள் ஆகியவை விருது பெற்ற பொருளைச் சிறிய அளவில் வாங்கிச் சோதித்துப் பார்க்கலாம். பெரிய தனியார் நிறுவனங்கள் தங்கள் சப்ளையர் பட்டியலில் சேர்க்கும் நடைமுறையை அத்தகையவர்களுக்குச் சுருக்கலாம். ஒரு லட்சம் ரூபாய் காசோலையைவிட, ஆறு மாதச் சோதனை ஆர்டர் ஒரு பட்டறைக்கு அதிகம் பயன்படும்.

இதற்கு எழக்கூடிய மறுப்புகளில் வலுவானது, திறமையான நிறுவனம் விருது இல்லாமலும் முன்னேறியிருக்கும் என்பது. தர விருது பெற்ற நூற்றுக்கணக்கான அமெரிக்க நிறுவனங்களை அவற்றை ஒத்த பிற நிறுவனங்களோடு ஒப்பிட்ட கெவின் ஹென்றிக்ஸ், வினோத் சிங்கால் இருவரும், விருது பெற்றவற்றின் லாபம் மேம்பட்டிருந்ததைக் கண்டார்கள். அவர்களே செய்த பிந்தைய ஆய்வில் சிறிய நிறுவனங்களின் பலன் பெரியவற்றைவிட அதிகமாக இருந்தது. இதில் எவ்வளவு விருதால் வந்தது, எவ்வளவு அதற்கான உழைப்பால் வந்தது என்று பிரிப்பது கடினம்தான். ஆனால், உழைக்கத் தூண்டியது அந்த ஆய்வுமுறை என்றால் அதுவே விருதின் வெற்றி. இரண்டாவது மறுப்பு, சிறு தொழிலுக்கு இன்று வேண்டியது விருதல்ல, நிலுவைப் பணமும் நியாயமான மின்கட்டணமும் என்பது. முழு உண்மை. குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்களுக்கான 2006-ஆம் ஆண்டுச் சட்டம் 45 நாளுக்குள் பணம் தரச் சொல்லியும் வராத பில்கள் பட்டறைகளை நசுக்குகின்றன. அந்தக் குறைகளை மூடிமறைக்கும் அலங்காரமாக விருதை அரசு பயன்படுத்தினால் எதிர்க்கத்தான் வேண்டும். ஆனாலும், பணம் உரிய நாளில் வந்துவிட்டாலே புதிய முயற்சிகள் வெளிச்சத்துக்கு வந்துவிடாது. இரண்டும் தனித்தனி வேலைகள்.

மூன்றாவது மறுப்பு, ஒரே வட்டாரத்தில் எல்லோரும் எல்லோரையும் அறிந்திருப்பதால் உறவும் பகையும் தீர்ப்பில் புகும் என்பது. அதனால்தான் இறுதித் தீர்ப்பை ஓசூர், மதுரை, சென்னை போன்ற வெளியூர்த் தொழில் வல்லுநர்களிடம் விட வேண்டும். நடுவர்கள் தங்களுக்கு யாரோடு வணிகத் தொடர்பு என்பதை எழுதித் தர வேண்டும். மதிப்பெண் முறையை முன்கூட்டியே வெளியிட வேண்டும். தகுதியானவர் இல்லாத ஆண்டில் விருதை நிறுத்திவைக்கும் துணிவும், தகுதியானவர் பலர் இருந்தால் அனைவருக்கும் தரும் தாராளமும் வேண்டும். ஆதரவாளர்கள் இல்லாமல் விழா நடத்த முடியாது என்பதும் சரியே. ஆதரவாளர் விருதுக்குப் போட்டியிடக் கூடாது, வென்றவரிடம் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது என்ற இரண்டு விதிகள் அந்தச் சிக்கலைப் பெருமளவு தீர்க்கும். மேடைச் செலவைப் பாதியாகக் குறைத்தால் பட்டறை ஆய்வுக்கான செலவு அதிலேயே கிடைத்துவிடும்.

இதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. புதிய துறையும் தேவையில்லை. தொழில் அமைப்புகளும் மாவட்ட நிர்வாகமும் கல்லூரிகளும் ஒரே மேசையில் அமர்ந்தால் அடுத்த நிதியாண்டிலேயே தொடங்கிவிடலாம். சிறு, குறு, நடுத்தரத் தொழில்களுக்கான மாநில அரசின் விருதுகளிலும் நேரடி ஆய்வையும் கருத்தறிக்கையையும் கட்டாயமாக்கலாம். விருதுக்கு அழைப்பு வரும்போது தொழில்முனைவோர் மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும்: எங்கள் பட்டறையைப் பார்க்க யார் வருகிறார்கள்? தேர்வாகாவிட்டால் காரணத்தை எழுத்தில் தருவீர்களா? வென்றவர்களின் மூன்று ஆண்டுக்குப் பிந்தைய நிலையை வெளியிடுவீர்களா? மூன்றுக்கும் ஆம் என்ற பதில் வராத விருதை மறுத்துவிடுங்கள். நடத்துபவர்கள் தாமாக மாறுவதற்குக் காத்திருப்பதைவிட, பெறுபவர்கள் மறுக்கத் தொடங்கினால் விருதுகளின் தரம் விரைவாக உயரும்.